கேமராவுக்கு ஒரு கும்பிடு

ஐரோப்பிய விமான நிலைய வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் குளத்தூர்ப் பக்கத்துக் கவுன்சிலர். வெள்ளை வேட்டி, மை பூசிய மீசை. மறுநாள் அந்த ஊரில் அவர் பேரனுக்கு ஞானஸ்நானம். சில நாள் தங்க வருபவர்களும் அங்கே இயந்திரத்தில் முகத்தையும் விரல்ரேகையையும் பதிய வேண்டும். இவருக்கோ கேமரா விளக்கு எரிந்தாலே கைகள் தானாகக் குவிந்து முகவாயை மறைத்தன. பிளக்ஸ் பேனர் பழக்கம். இயந்திரம் ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கைக் காட்டியது.

“கையப் பின்னால கட்டிக்கங்கண்ணே,” என்றேன்.

“பின்னால கட்டுனா எவன் தம்பி ஓட்டுப் போடுவான்?”

கடைசியில் நானே அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன். படம் விழுந்தது, கதவு திறந்தது. அவர் கதவருகே நின்ற அதிகாரியைக் கும்பிட்டார். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த அந்த வெள்ளைக்காரர் பதிலுக்குக் கும்பிட்டார்.

“ஒரு ஓட்டு உறுதி தம்பி,” என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனார் கவுன்சிலர்.

எந்த வார்டில் என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.