சத்தத்தை முந்தும் சன்னம்

தொண்ணூறுகளில் லண்டனில், பழைய வேட்டை ரைபிள்களைத் திருத்தும் பட்டறையொன்றில் வேலை செய்தேன். நிலவறையில் வைத்துச் சுட்டுப் பார்ப்போம். சன்னம், அதுதான் துவக்குக் குண்டு, பறந்த வேகத்தை ஒரு பெட்டி எண்ணாகக் காட்டும். துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவனுக்குத் துவக்கே சோறு போட்டது.

ஊரில் தம்பியைச் சுட்டுவிட்டார்கள். அதைச் சொல்ல அம்மா கொழும்புக்கு வந்து ஃபோன் எடுத்தார். அழவில்லை.

"நீ துவக்கோட வேலை செய்யிறனி. சொல்லு ராசா, அவனுக்கு வெடிச்சத்தம் கேட்டிருக்குமோ? பயந்திருப்பானோ?"

"இல்லையம்மா. சத்தத்தைவிடச் சன்னம் வேகம். கேக்க முதலே எல்லாம் முடிஞ்சிடும்."

"அப்ப சரி. இனி நித்திரை கொள்ளுவன்."

மறுநாள் நூறு வயது ரைபிளொன்றைச் சுட்டேன். பெட்டி காட்டிய எண் ஒலியின் வேகத்தைவிடக் குறைவு. அந்தத் துவக்கில் சத்தம்தான் முதலில் போய்ச் சேரும். அப்படியும் துவக்குகள் உண்டென்று அம்மாவிடம் பேசும்போதே எனக்குத் தெரியும்.

தம்பியைச் சுட்டது எந்தத் துவக்கு என்றுதான் தெரியாது.

அதன்பிறகு ஒவ்வொரு முறை சுடும்போதும், பெட்டியில் எண் விழும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தச் சன்னமாவது சத்தத்தை முந்திவிட வேண்டுமே என்று.