கும்பத்துக்கு ஐந்து மாவிலை

ஐப்பசி 12, செவ்வாய். காலை 6.40: மழை இல்லை. கொல்லை மாமரத்தில் இலைபிணைக்கும் புழுவின் கூடுகள், எட்டும் கிளைகளில் மட்டும் முப்பத்தொன்று. 7.05: தொரட்டியால் அறுக்கத் தொடங்கினேன். 8.20: நிறுத்தினேன்.

அன்று என் மனைவியின் பதினாறாம் நாள் காரியம். கும்பத்தில் வைக்க ஐந்து மாவிலை வேண்டும். அவை அவள் நட்ட மரத்து இலைகளாகவே இருக்க வேண்டுமென்று முந்தின நாளே சொல்லியிருந்தேன்.

முப்பதாண்டுகள் பூச்சியியல் கற்பித்தவன் நான். இந்தப் புழுவைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். கரும்பலகையில் அது சுத்தமாக இருந்தது. மரத்திலோ, பத்துப் பன்னிரண்டு இலைகளை எச்சில் போன்ற நூலால் ஒட்டி, அதனுள் தன் கழிவோடு குடியிருந்தது. முதல் கொத்தை இழுத்ததும் கறுத்த எச்சம் மணிமணியாக முகத்தில் கொட்டியது. புழுக்கள் துள்ளி விழுந்தன. சில நூலில் தொங்கின. ஒன்று சட்டைக் கழுத்துக்குள் இறங்கி முதுகில் ஊர்ந்தது. கீழே விழுந்தவற்றைச் செருப்புக் காலால் நசுக்கினேன். பச்சையாகப் பிதுங்கியதை மண்ணில் தேய்த்தேன். சுத்தமான இலை ஒன்றும் அகப்படவில்லை.

மயிலாடும்பாறையிலிருந்து வந்திருந்த கொழுந்தியாள் கொல்லைக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புழுப் பாடம் நடத்துன வாத்தியார் வீட்டு மரமா மச்சான் இது? ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தீகளே!”

நான் அடுத்த கொத்தை இழுத்தேன்.

“பக்கத்து வீட்டு மரம் பளிச்சுனு இருக்கு. அங்கன ஒரு கொத்து கேட்டு வாங்கியாரேன். வருசம் பூரா மருந்தடிக்காம என்னதான் செஞ்சீக?”

“மருந்து வாடை பட்டாலே ஒங்க அக்காவுக்கு வாந்தி. குடிச்ச கஞ்சி தங்காது. அதான் அடிக்கல.”

அவள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, என் கையிலிருந்த தொரட்டியை வாங்கி, உயரத்திலிருந்த கிளை ஒன்றை வளைத்தாள். ஐந்து இலைகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஓட்டை இருந்தது. ஒட்டியிருந்த நூலை நகத்தால் சுரண்டி, மஞ்சள் நீரில் கழுவினாள்.

காரியம் செய்ய வந்தவர் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேற எல இல்லையா?”

“இதுதான் எங்க அக்கா மரத்து எல. வைங்க.”

வைத்தார்.

செய்யாமல் நிற்பவை:

உச்சிக் கிளைகளில் உள்ள கூடுகள்.

அறுத்துப் போட்ட கொத்துகளை எரிப்பது. புழுக்கள் அவற்றிலிருந்து வெளியேறத் தொடங்கிவிட்டன.

மருந்தடிப்பது. இனி அடிக்கலாம்; இன்னும் வாங்கவில்லை.

மரத்தடி மண்ணைக் கிளறிவிடுவது. புழு கூட்டுப்புழுவாவது அங்கேதான்.

அந்தச் சட்டையைத் துவைப்பது.