பச்சைப் பெயிண்ட் அடித்த பழைய பங்களா

காலை ஏழு மணிக்குக் கிருஷ்ணகிரியில் ஓசூர் பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர்தான், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்றார் கண்டக்டர். சூளகிரி வரை அவர் வாக்கு பலித்தது. அப்புறம் ஊரிலுள்ள கம்பெனி பஸ்களெல்லாம் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்து எங்களை நடுவில் வைத்துக்கொண்டன. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, "சிப்காட் வந்துருச்சுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் நிம்மதியாக மறுபடி தூங்கிப்போனார்.

ஓசூர் பேருந்து நிலையத்தில் மேகலா காத்திருந்தார். பழைய கட்டடங்களைச் செப்பனிடுவதில் தேர்ந்த கட்டடக் கலைஞர். சுவரைத் தட்டிப் பார்த்தே வயதைச் சொல்வார். ஒருமுறை தட்டாமலே என் வயதையும் சொல்லிவிட்டார், அதிலிருந்து நான் அவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. நாங்கள் இருவரும் அரசின் ஓர் ஆலோசனைக் குழுவில் உறுப்பினர்கள். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, காட்டை ஒட்டி, வெள்ளைக்காரத் துரை ஒருவர் அந்தக் காலத்தில் கட்டிய பங்களா இருக்கிறது. இப்போது அது முனிராஜ், நாகம்மா என்ற விவசாயத் தம்பதிக்குச் சொந்தம். அதைத் தங்கும் விடுதியாக்க அனுமதி கேட்டிருந்தார்கள். யானைகள் வந்துபோகும் அந்தப் பகுதியில் புதிதாக ஒரு செங்கல் வைக்கக்கூடாது. பழைய கட்டடமாக இருந்தால், பழமை கெடாமல் புதுப்பித்துப் பிழைத்துக்கொள்ளலாம். அது பழையதுதானா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை.

ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு வாடகைக் கார் பேசினோம். டிரைவர் மஞ்சுநாத் எங்களிடம் தமிழ், போனில் மனைவியிடம் தெலுங்கு, குறுக்கே வந்த லாரிக்காரரிடம் கன்னடம். கோபத்துக்குக் கன்னடம்தான் வசதி போலிருக்கிறது.

"பங்களா நல்லா இருந்தா ஓகே பண்ணிருவீங்க, அப்பிடித்தான சார்?"

"நல்லா இருக்கணும்னு இல்லைங்க. பழசா இருக்கணும்."

"இது என்ன சார் கூத்து! நான் இந்த வண்டிய வச்சுக்கினு பழசு பழசுன்னு அழுவறேன்."

தேன்கனிக்கோட்டையில் காபி குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. இருபுறமும் கேழ்வரகு வயல், அதன் பின்னால் காடு. வளைவில் திரும்பியதும் மஞ்சுநாத் தானாகவே பிரேக் போட்டார்.

பங்களா கிளிப்பச்சையில் பளபளத்தது. தூண்களுக்குத் தங்க நிறம், ஜன்னல்களுக்கு ரோஸ். நெற்றியில் 'முனிராஜ் நாகம்மா இல்லம்' என்று புது எழுத்து. வாசலில் இரண்டு வாழை மரங்கள் வேறு. மேகலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பச்சை அப்படியே இருந்தது.

"வாங்க மேடம், வாங்க சார்!" என்று ஓடி வந்தார் முனிராஜ். "ஆபீசருங்க வர்றாங்கன்னு சொன்னாங்க. நல்ல நாளும் அதுவுமா அழுக்கா வச்சிருந்தா மரியாதையா இருக்குமுங்களா? ரெண்டு கோட்டிங் அடிச்சோம்."

"பிராண்டு பெயிண்டுங்க," என்றார் நாகம்மா பெருமையாக.

உள்ளே உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். கேழ்வரகில் பாதியை யானைகள் தின்றுவிடுவதால் முனிராஜ் ஓசூரில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார், பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வீடு. அனுமதி கிடைத்தால் நாலு அறையை வாடகைக்கு விட்டு இங்கேயே இருந்துவிடலாம். கிடைக்காவிட்டால் நாகம்மாவும் வீட்டைப் பூட்டிவிட்டு ஓசூர் போகிறார், கேண்டீனில் இடம் பார்த்து வைத்தாயிற்று. "ஒத்தையில எத்தினி நாளுங்க இருக்கறது?" என்றார்.

மேகலா என்னைத் தனியே அழைத்தார். "எனக்குப் பழசுன்னு தெரியுது. ஆனா அறிக்கையில படம் வைக்கணும். இந்தப் படத்தைப் பார்த்தா போன மாசம் கட்டினதுன்னு தூக்கி எறிஞ்சிருவாங்க." பிறகு உரக்க, "பின்பக்கம் பார்க்கலாமா?" என்றார்.

தம்பதி இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து வழியை மறித்தார்கள்.

"அங்க வேணாங்க மேடம்," என்றார் முனிராஜ்.

"பாம்பு இருக்குதுங்க," என்றார் நாகம்மா.

"பாம்பு இல்லீங்க, சேறு."

"சேத்துலதாங்க பாம்பு!"

வீட்டின் மூலையிலிருந்து வேலி வரை புது நீலத் தார்ப்பாய் கட்டி, போகிற வழியை மறைத்திருந்தார்கள். மேகலா குனிந்து அதற்கு அடியில் நுழைந்துவிட்டார். நானும் நுழைந்தேன். முனிராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெயிண்ட் தீர்ந்துபோன பக்கம் அது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து, விளிம்பு தேய்ந்த செங்கல் வரிசைகள். பட்டை பட்டையாகப் பிளந்த மரக்கதவு. என் தலைக்கு மேலே, யானைகள் முதுகு தேய்த்துவிட்டுப் போன சேற்றுத் தடம். பச்சையைப் பார்த்ததிலிருந்து உம்மென்று இருந்த மேகலா அப்போதுதான் சிரித்தார். கேமராவை எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை.

"மானம் போச்சு," என்று என் பின்னால் முணுமுணுத்தார் நாகம்மா.

"இல்லைங்கம்மா, இதாலதான் உங்களுக்கு அனுமதி கிடைக்கப்போகுது," என்றேன். அவர் என்னை நம்பவில்லை.

திரும்பி வந்ததும் மேகலா கட்டளைகளை அடுக்கினார். நாலு அறைக்கு மேல் கூடாது. காம்பவுண்டு சுவர் கூடாது. காட்டுப் பக்கம் விளக்கு கூடாது. யானை வருகிற வழி அப்படியே கிடக்கட்டும். நாகம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "யானைக்கு வழி உடலீன்னா அது வூட்டுக்குள்ளயே பண்ணிக்குமுங்க," என்றார்.

"கடைசியா ஒண்ணு. முன்பக்கப் பெயிண்டைப் பூராவும் சுரண்டணும். பின்பக்கம் மாதிரியே ஆக்கணும்."

முனிராஜ் தங்கத் தூணைத் தடவிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த எனக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் சங்கடமாகிவிட்டது.

நாகம்மாதான் வாயைத் திறந்தார். "செரிங்க மேடம், சொரண்டிடறோம். இவரு வூட்டுக்கு வந்தாப் போதும். ஆனா வந்து தங்கற ஜனங்க, 'இவங்களுக்கு ஒரு பெயிண்டு அடிக்கக்கூட வக்கில்லயா'ன்னு கேட்டா? அப்ப நீங்கதான் வந்து பதில் சொல்லணும்."

மேகலா என்னைப் பார்த்தார். நான் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

சொல்கிறேன். தேன்கனிக்கோட்டையைத் தாண்டிக் காட்டோரம் தங்கப் போகிறவர்களே, உதிர்ந்த சுவரைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அவர்கள் அடித்தார்கள். இரண்டு கோட்டிங். பிராண்டு பெயிண்ட்.