ஜன்னலைச் சுரண்டிய ஞாயிற்றுக்கிழமை

மெட்டுகுடாவில் எங்கள் வீட்டு ஜன்னல் பழைய ரயில் பெட்டியின் நிறம். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெயின்டராக இருந்தார். டப்பாவின் அடியில் மிஞ்சுவதெல்லாம் எங்கள் சந்துக்கு வந்துவிடும். ஜன்னல், டிரங்குப் பெட்டி, தண்ணீர் டிரம் எல்லாம் ஒரே செங்காவி. யாராவது விசில் ஊதியிருந்தால் சந்தே கிளம்பிக் காஜிப்பேட்டை போயிருக்கும்.

எனக்கு நாற்பத்தைந்து வயதில் பிறந்த மகளுக்கு இப்போது இரண்டரை வயது. ஜன்னல் கம்பியைக் கடித்துக்கொண்டே தெருவை வேடிக்கை பார்ப்பாள். ஒரு ஞாயிறு காலை போனில் படித்தேன்: பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும், அதனால்தான் இப்போது வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்குச் சட்டமே போட்டுக் கடிவாளம் கட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் படிக்க எனக்கு ஏது பொறுமை? உப்புத்தாளோடு ஜன்னல்மேல் பாய்ந்தேன்.

இரண்டு மணி நேரம் தேய்த்தேன். தரை, பாய், என் மீசை, மகளின் தலை எல்லாம் சிவப்புத் தூள். பிறகு டீ குடித்தபடி மீதியைப் படித்தேன். உலர்வாகத் தேய்க்கக் கூடாதாம். அந்தத் தூசிதான் பெரிய ஆபத்தாம்.

மகளைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். மூன்று வாளித் தண்ணீர். "நக்கோ ப்பா, நக்கோ!" என்று சந்தில் கற்ற உருதுவில், வேண்டாமென்று அவள் அலறினாள்.

"ஜன்னலோட இருந்த சனியன வீடு பூரா தூவிட்டு, கொழந்தைய ஏங்க முக்குறீங்க?" என்றாள் மனைவி, ஈரத்துணியால் தரையைத் துடைத்தபடி.

மறுநாள் ரத்தப் பரிசோதனை. சும்மா இருக்கட்டும் என்று என் ரத்தத்தையும் கொடுத்தேன். முடிவு வர நான்கு நாள். அதற்குள் மகள் காக்காயைக் காட்டி "குக்கா" என்றாள். தெலுங்கில் அது நாய். மனைவியிடம் ஓடினேன்.

"போச்சு, மூளைக்குப் போயிடுச்சு!"

"ஹவ், ஆமாமா, நேத்து நீங்க சாம்பார்ல சர்க்கரை போட்டீங்களே. அதுவும் ஈயமா?"

ஐந்தாம் நாள் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். "பாப்பாக்கு ஏம் காது, ஒண்ணும் ஆகாது சார். பயப்பட ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் கொஞ்சம் ஜாஸ்தி. தேய்ச்சது நீங்கதானே? இனிமே அதத் தொடாதீங்க. தெரிஞ்ச ஆள வெச்சு, ஈரமாக்கி எடுத்துட்டு, ஈயமில்லாத பெயின்ட் அடிங்க. மூணு மாசத்துல திரும்ப டெஸ்ட்."

மகளுக்கு ஒன்றுமில்லை என்ற சந்தோஷத்தில் எனக்கு மற்றது காதில் ஏறவே இல்லை. "பாத்தியா, குடும்பத்துலயே கனமான ஆளு நான்தான்" என்றேன் மனைவியிடம் ஆட்டோவில். ஐந்து நாளாக என்னைக் கேலி செய்தவள் சிரிக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் என்னைக் குழாயடியில் நிறுத்தினாள். "கையக் காட்டுங்க." சோப்புப் போட்டு, விரல் விரலாக, நகக்கண் வரை தேய்த்தாள். "அடுத்த தடவ முழுசாப் படிச்சிட்டு பயப்படுங்க." மறுபடி சோப்பை எடுத்தாள்.

கை சுத்தமாகத்தான் இருந்தது. இன்னொரு கையையும் நீட்டினேன்.