எலிக்கு நாலு அறை

என் மகள் மடிக்கணினியில் தவளையை அறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தட்டுத் தட்டினால் தோல் விலகுகிறது. ரத்தமில்லை, வாடையில்லை. எனக்குத்தான் குளோரோஃபார்மின் அந்தத் தித்திப்பு வாடை மூக்கில் ஏறிவிட்டது.

தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்தேன். கரமனையிலிருந்து கல்லூரிக்கு ஒரு பஸ், திரும்ப ஒரு பஸ்; நடுவில் எங்கும் இறங்கக்கூடாது. வரன் அமையும்வரைதான் படிப்பு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும்.

வயல் தவளையின் இதயத்தையும் எலியின் இதயத்தையும் ஒப்பிட்டு வரைய வேண்டும். தவளையைக் கல்லூரி தரும். எலியை நாங்கள் கொண்டுவர வேண்டும். எங்கள் வீட்டில் எலிக்கென்ன பஞ்சம்? ஆனால் பொறியில் விழுவதை அப்பா கொல்லமாட்டார், ஆற்றங்கரையில் விட்டுவிடுவார். பஸ்ஸுக்குப் போகிற வழியில் நானே விடுகிறேன் என்று பொறியை வாங்கித் துணிப்பைக்குள் வைத்தேன். பஸ்ஸில் அது கம்பியைக் கடிக்கிற சத்தம் கேட்டுப் பக்கத்திலிருந்த அம்மாள் என்னவென்று கேட்டாள். தேங்காய் மூடி என்றேன். நம்பியிருக்கமாட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் தவளை ஜாடிக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தது. எலியோ மூக்கில் ரத்தம் வர முட்டிக்கொண்டிருந்தது. என் ஜோடி சரோஜா, சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் மகள், என் கையிலிருந்து குளோரோஃபார்ம் பஞ்சை வாங்கிக்கொண்டாள்.

"நீ அந்தப் பக்கம் நில்லு, கேட்டியா. நான் பாத்துக்கிடுதேன்."

எலியின் இதயம் சீக்கிரமே நின்றுவிட்டது. தவளையுடையது, திறந்த பிறகும் வெகுநேரம் துடித்தது. தவளைக்கு மூன்று அறை, எலிக்கு நாலு அறை என்று பென்சிலால் குறித்தேன்.

சாயங்காலம் அப்பா கேட்டார். "ஓடிடுத்தா?"

"ஓடிடுத்துப்பா."



மறுமாதம் பெண் பார்க்க வந்தார்கள். மேலே படிக்கணும் என்று சொல்லத் தொண்டைவரை வந்தது. சரோஜாவாக இருந்தால் சொல்லியிருப்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடைசிப் பரீட்சை நடந்தபோது கல்யாணமாகி நாக்பூரில், மூன்றாம் மாடியில், ஒற்றை ஜன்னல் வீட்டில் இருந்தேன். அந்த ஜன்னலும் எதிர்வீட்டுச் சுவரைத்தான் பார்க்கும்.

பல வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது எலி விஷயத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"தெரியும். அப்பவே உன் நோட்டைப் பாத்தேன். நன்னா வரைஞ்சிருந்தே," என்றார். பிறகு, "மேல படிக்க வச்சிருக்கணும்," என்றார்.

அப்பா போய்விட்டார். கரமனை வீட்டையும் விற்றாயிற்று. கல்லூரியில் இப்போது எதையும் அறுப்பதில்லையாம். போன தடவை போயிருந்தபோது சரோஜாவைத் தேடிச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். பாத்திரக்கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். பெயரைச் சொன்னேன், யாருக்கும் தெரியவில்லை.