மாடி பல்பும் மூன்று சுவிட்சும்

போன வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் காலை, ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் ஆரம்பித்த கதை இது. முடிந்தது திருநெல்வேலியில், ஓர் ஆஸ்பத்திரியில்.

என் வீட்டுக்காரருக்கு வாழைத்தோட்டம். எனக்கு வீட்டிலேயே தையல் வேலை. கல்யாணம் ஆன புதிதில் என்ன பேசுவதென்று தெரியாமல் அவர் ஒரு புதிர் போட்டார். நான் விடை சொல்லிவிட்டு, பதிலுக்கு ஒன்று போட்டேன். அன்றிலிருந்து காலைக் காபியோடு ஒரு புதிர் என்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. பேப்பரில் வந்ததோ போனில் வந்ததோ, எதுவானாலும் சரி. சட்டம் ஒன்றே ஒன்றுதான். 'தோத்துட்டேன்' என்று வாயால் சொன்னால்தான் விடை கிடைக்கும். நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு வீம்பு அதிகம். விடை யோசித்துக்கொண்டே ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையும் இடது கையாகத் தைத்து வைத்தவள் நான்.

அன்றைக்கு அவர் போட்ட புதிர் இது. மாடி அறையில் ஒரு பல்பு. அதற்கான சுவிட்ச் கீழே இருக்கிறது. ஆனால் அங்கே மூன்று சுவிட்ச் இருக்கின்றன. கீழே நின்றால் மாடி வெளிச்சம் தெரியாது. சுவிட்சை எப்படி வேண்டுமானாலும் போடலாம், அணைக்கலாம். மாடிக்கு மட்டும் ஒரே ஒரு தடவைதான் ஏறலாம். எந்தச் சுவிட்ச் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நான் தோசைக் கரண்டியும் கையுமாக யோசித்தேன். இரண்டு சுவிட்ச் என்றால் சுலபம். மூன்றாவதுதான் உதைத்தது. அவர் அதற்குள் பைக்கை எடுத்துவிட்டார்.

"சொல்லிட்டுப் போங்க."

"தோத்துட்டேன்னு சொல்லு, சொல்லுதேன்."

"அது மட்டும் நடக்காது."

"அப்ப பைய யோசிச்சு வைட்டி. மத்தியானம் வந்து கேக்கேன்."

மத்தியானம் அவர் வரவில்லை, போன்தான் வந்தது. மழையில் ஊறிக் கிடந்த வாய்க்கால் கரையில் பைக் வழுக்கி, மதகுக் கல்லில் தலை மோதிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். நான் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றார்கள். "உயிரைக் காப்பாத்திடலாம்மா. பேச்சு, ஞாபகம் எல்லாம் எப்படி இருக்கும்னு கண் முழிச்ச பிறகுதான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

மகன் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தான். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நான் மட்டும். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து கதவு வரை போவேன், திரும்பி வருவேன், உட்கார்வேன், மறுபடி எழுவேன். காவலுக்கு நின்ற பையனிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். கும்பிடலாம் என்று கண்ணை மூடினால் சாமி வரவில்லை, மூன்று சுவிட்சுதான் வந்தது. சீ, இந்த நேரத்தில் இது என்ன புத்தி என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம். ஆனாலும் விடவில்லை. முதல் சுவிட்சைப் போடு, இரண்டாவதை அணை, மாடிக்கு ஏறு என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பக்கத்து நாற்காலியில் வள்ளியூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். அவர் தம்பி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். "என்னம்மா, வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டே இருக்கிய?" என்று கேட்டார். வெட்கத்தை விட்டுப் புதிரைச் சொன்னேன். மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுல என்ன இருக்கு? ஒரு ஆளை மாடியில நிப்பாட்டிட்டு, கீழ இருந்து ஒவ்வொண்ணா போட்டுப் பாக்க வேண்டியதுதான."

"ஒரே ஆள்தான் அண்ணாச்சி."

"அப்ப போனை மாடியில வச்சுட்டு வந்து வீடியோவுல பாக்கணும்."

"போனை வைக்க ஒரு தடவை ஏறியாச்சுல்லா."

அவர் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். கொஞ்ச நேரத்தில் எதிர் வரிசையில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சுவிட்சைக் கழற்றிப் பார்க்கலாம் என்றார் ஒருவர். இவ்வளவு பாடு எதற்கு, வயர்மேனைக் கூப்பிடு என்றது ஒரு குரல். உள்ளே யாருக்கு என்ன ஆகுமோ என்று காத்துக்கிடந்த அத்தனை பேரும் ஒரு பல்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம்.

அப்போது நர்ஸ் வந்து அண்ணாச்சியைக் கூப்பிட்டார். அவர் பதறிக்கொண்டு உள்ளே ஓடினார். நான் எழுந்து எழுந்து நடந்ததில், ஏசி குளிரில் என் ஸ்டீல் நாற்காலி ஐஸாக இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டுமே என்று அவருடைய நாற்காலிக்கு மாறினேன். அது வெதுவெதுப்பாக இருந்தது. ஆள் எழுந்து போயும் சூடு போகவில்லை.

சட்டென்று விடை வந்துவிட்டது. முதல் சுவிட்சைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்து அணைத்துவிட வேண்டும். இரண்டாவதைப் போட்டுவிட்டு மாடிக்கு ஏற வேண்டும். பல்பு எரிந்தால் இரண்டாவது சுவிட்ச். எரியாமல் சூடாக இருந்தால் முதலாவது. எரியாமல் சில்லென்று இருந்தால் மூன்றாவது. குண்டு பல்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காலையிலேயே சொல்லியிருப்பேன். வீடு முழுக்கச் சூடே ஏறாத எல்இடி போட்டுவிட்டு இப்படிக் கேட்கிறாரே மனுஷர் என்று, அவரிடம் சண்டை பிடிக்க எழுந்தே விட்டேன். அப்புறம்தான் அவர் எங்கே இருக்கிறார் என்பது உறைத்தது. அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கண்ணும் திறந்தார். ஆனால் பேச்சு இல்லை. பேர் என்ன என்று டாக்டர் கேட்டார். மகன் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தான். அவர் கண் எங்கள் மேலே பட்டு நிற்காமல் சுவர்ப் பக்கம் போனது. "அவசரப்படாதீங்க, பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க" என்றார்கள். அவசரப்படாமல் எப்படி இருப்பது? வீட்டைப் பற்றிச் சொன்னேன். தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். ஒன்றும் எடுபடவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து நின்றார். கையைப் பிடித்தபடி குனிந்து, அவர் காதோரம் சொன்னேன்.

"தோத்துட்டேன். அந்த மாடி பல்புக்கு விடையச் சொல்லுங்க."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கண் என் பக்கம் திரும்பியது. உதட்டின் ஒரு ஓரம் கோணிக்கொண்டு மேலே போனது. ஊரெல்லாம் தெரிந்த அந்த நக்கல் சிரிப்புதான் அது.

"தோத்துட்டியா?"

"ஆமா, தோத்துட்டேன்."

ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னார். "தொட்டுப் பாக்கணும்ட்டி... சூடு... இருக்கும்லா."

நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அழுவதைப் பார்த்து, என்ன ஆச்சு என்று டாக்டரைக் கூப்பிட ஓடிவிட்டார்.

இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறார். பேச்சுதான் கொஞ்சம் மெதுவாக வருகிறது. "என் பொண்டாட்டியத் தோக்கடிச்சது நானாக்கும், அதுவும் படுத்துக்கிட்டே" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடிக்கிறார். விடை எனக்கு முன்பே தெரியும் என்று நான் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துவிடும், சண்டைக்கு வருவார், வரட்டும்.

காலைக் காபியும் புதிரும் மறுபடி நடக்கின்றன. ஆனால் நான் கேட்டதற்கு அவர் யோசிக்கும் நேரம் கொஞ்சம் நீண்டாலும் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. விடை வருகிற வரைக்கும் அவர் கையைத் தொட்டுக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறேன்.