அக்கா தாமதமாகச் சொன்ன ஆமென்

இந்த முதலாண்டு நினைவு மலரைக் கையில் வாங்கியதும் சிலர் அக்காவின் படத்தைப் பார்த்துக் கண் கலங்கியிருப்பீர்கள். சிலர் படத்தைத் தாண்டி நேராக இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பீர்கள், தம்பி அந்த விஷயத்தைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறானா என்று. எழுதியிருக்கிறேன். அதற்காகத்தான் இந்த மலரே.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது சபையார் வந்து சுகத்துக்காக ஜெபித்தார்கள். சுற்றி நின்ற எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அக்கா சொல்லவில்லை. பிறகு, இறந்துபோன அன்று காலையில், யாருமே ஜெபிக்காத நேரத்தில் தானாக ஆமென் என்றார். அடக்கத்துக்கு வந்த இடத்திலேயே இது காதுக்குக் காது பரவிவிட்டது. விசுவாசத்தை விட்டுவிட்டார் என்று சிலர், புத்தி பேதலித்துவிட்டது என்று சிலர். குமணன்சாவடி பஸ் நிறுத்தத்தில் என்னிடமே ஒருவர், "கடைசில அக்கா ஜெபத்த தள்ளிட்டாங்களாமே?" என்று விசாரித்தார்.

நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கியவன் நான். மாநகரப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றேன். என்னைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறவரிடம்தான் முதலில் போய் நிற்பேன். அக்காவையும் அந்தக் கண்ணோடுதான் பல வருடம் பார்த்தேன். உங்கள் சந்தேகத்துக்கு ஒரு வயதுதான் ஆகிறது. என்னுடையது ரொம்ப மூத்தது.

அக்கா பிறந்தது சென்னை பாடியில். அப்பாவுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. இரண்டு அறை வாடகை வீடு. லாரிச் சத்தத்தில்தான் நாங்கள் இருவரும் படித்தோம், தூங்கினோம், ஜெபித்தோம். அக்கா கல்லூரி முடித்த வருடம், ஷிப்டு முடிந்து வந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அன்றைய போதகர் ஜெபித்தார். அம்மாவுக்காக, எனக்காக ஜெபித்துவிட்டு அக்காவின் தலைமேல் கை வைத்தார். "ஆண்டவரே, இந்த மகளை எதற்காக உண்டாக்கினீரோ, அதை இவளுக்குக் காட்டும்" என்றார். வீடு நிறைய ஜனம், எல்லோரும் ஆமென் என்றார்கள். அக்கா வாயைத் திறக்கவில்லை. போதகர் கையை எடுக்காமல் காத்திருந்தார். அம்மா அக்காவின் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். பக்கத்தில் இருந்த எனக்கே வலித்தது. அக்கா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தார், மறுபடி மூடிக்கொண்டார்.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா பொரிந்து தள்ளினார். "இன்னாடி திமிரு உனக்கு? பாஸ்டர் கைய வெச்சுகினு நிக்கிறாரு, வாயத் தொறந்தா முத்தா உதுந்துடும்?"

"காட்டட்டும்மா. காட்டுனப்புறம் சொல்றேன்" என்றார் அக்கா.

அப்பா போன கோபத்தை ஆண்டவர்மேல் காட்டுகிறாள் என்று அம்மா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திருமழிசை எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. கட்டி முடித்த பெட்டிகளைச் சரிபார்த்து 'ஓகே' சீல் குத்துகிற வேலை. நாங்கள் குமணன்சாவடிக்குக் குடிவந்தோம். என்னைப் படிக்கவைத்தார், எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார், அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். தனக்கு வந்த வரன்களைத் தட்டிக்கழித்தார். ஏன் என்று யார் கேட்டாலும் சிரித்து மழுப்புவார். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருவார், முழங்கால் போடுவார். ஜெபம் முடிகிற இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வார். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் அது தெரியும். இவர் உண்மையில் விசுவாசிதானா, ஊருக்காக வந்துபோகிறாரா என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று வந்தது. சனிக்கிழமை மதியம் அக்காவுக்கு ஓவர்டைம் என்று வீட்டில் பேச்சு. நான் ஆவடி போகிற பஸ்ஸில் பரிசோதனைக்கு ஏறினேன். நடு சீட்டில் அக்கா. அவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்! கேட்டேன். டிக்கெட்டை நீட்டினார். டிக்கெட் சரியாக இருந்தது, ஓவர்டைம்தான் சரியாக இல்லை. அடுத்த வாரமும் அதே பஸ், அதே சீட்டு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஆவடில யாருக்கா?"

"ஆளு கீறாருடா."

"யாரு?"

"கல்யாணம் ஆனவரு. ரெண்டு புள்ளைங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மானம் மரியாதையோடு வாழ்ந்த குடும்பம். யாரிடம் சொல்ல? என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சபையில் சொல்லலாம் என்றால், நம் சபையில் ஒரு விஷயத்தை ஜெபக் குறிப்பாகக் கொடுத்தால் அது ஆண்டவர் காதுக்குப் போவதற்கு முன் பூந்தமல்லி போய்ச் சேர்ந்துவிடும். கோபித்துக்கொள்ளாதீர்கள், உண்மை அதுதானே.

அந்த வருடம் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்து, "யார் மேலே கேட்கிறது?" என்று கூவினார் ஏலம் விட்டவர். என் பக்கத்திலிருந்து கணீரென்று ஒரு குரல், "ஆமென்!" அக்காதான். எல்லோரும் திரும்பினார்கள். ஏலம் விட்டவர் அதையே ஏலக் கேள்வியாக எடுத்துக்கொண்டு பூசணிக்காயை அக்கா மடியில் வைத்துவிட்டார். ஒரு வாரம் எங்கள் வீட்டில் பூசணிக்காய் சாம்பார், பூசணிக்காய் கூட்டு.

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை, அக்காவின் கண் போன இடத்தைப் பார்த்தேன். வாசலில் தேவசகாயம் ஐயா நின்றிருந்தார். பிள்ளை துரத்திவிட்டதால் பூந்தமல்லியில் ஒரு கடைமாடி அறையில் தனியாகக் கிடந்த பெரியவர். அவரை மறவாதேயும் என்று போதகர் சில மாதம் முன்பு ஜெபித்ததும், நாமெல்லாம் ஆமென் சொல்லிவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போனதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து உள்ளே அழைத்து வந்தவர், அவரைத் துரத்திவிட்ட அதே மகன், ஆவடியில் இருப்பவர். கல்யாணம் ஆனவர். இரண்டு பிள்ளைகள்.

சனிக்கிழமைதோறும் அக்கா போனது இவரிடம் பேசி அப்பாவோடு சேர்த்துவைக்கத்தான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. "சொல்லித் தொலச்சா இன்னா?" என்று கத்தினேன். "நீ ஊட்டுல மொறச்சிகினு திரிஞ்சது பாக்க நல்லா இருந்துச்சு" என்றார் அக்கா.

ஆனாலும் அந்த ஆமென் எனக்கு முழுதாக விளங்கவில்லை. தற்செயலாக இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். அதை விளங்கவைத்தவர் எங்கள் பக்கத்து வீட்டு மெஹருன்னிசா அம்மா. தையல் கடை வைத்திருக்கிறார். அவருடைய மகளுக்குக் கல்லூரி போகிற பஸ்ஸில் ஒருவன் தொல்லை கொடுத்து, அந்தப் பெண் வீட்டை விட்டு வெளியே வரவே பயந்துகொண்டிருந்தது. நம் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் அந்தப் பெண்ணுக்காகவும் ஜெபித்தார்கள். அக்கா வேலைக்குப் போகிற நேரத்தை மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் அவளோடு பஸ் ஏறிக் கல்லூரி வாசலில் விட்டுவிட்டு, எதிர் பஸ் பிடித்துத் திருமழிசை போனார். அக்கா படுக்கையில் விழுந்த பிறகு மெஹருன்னிசா அம்மா இதை என்னிடம் சொன்னார்.

"ஒரு நாளு எம் பொண்ணு, நீங்க வராதீங்க ஆன்ட்டி, நானே போறேன்னு தனியா ஏறிடுச்சு. பஸ்சு போனதும் உங்க அக்கா ஸ்டாப்புல நின்னுகினே சத்தமா ஆமென்னாங்க. இன்னாக்கா இது, யாரு ஜெபம் பண்ணாங்கன்னு கேட்டேன். அது அப்பவே பண்ணிட்டாங்கம்மா, இப்பத்தான் முடிஞ்சிதுன்னாங்க. பொட்டிய பாக்காம சீலு குத்துனா கம்பெனில தொரத்திடுவான்னு சிரிச்சாங்க."

அப்போதுதான் எனக்குப் பல வருடத்துக் கணக்கு விளங்கியது. ஜெபத்தில் கேட்டதில் தன் கைக்கு எட்டுகிற வேலை இருந்தால், அதை முடிக்காமல் அக்கா ஆமென் சொல்வதில்லை. எட்டாத வேலை என்றால், அது நடப்பதைக் கண்ணால் பார்க்காமல் சொல்வதில்லை. இது சரியான உபதேசம்தானா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. நம் போதகரிடம் கேட்டேன். அவர், "தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலை" என்றார்.

கணையத்தில் புற்று. தெரியவந்தபோதே முற்றியிருந்தது. சபையார் வந்து சுகத்துக்காக ஜெபித்தபோது அக்கா பேசாமல் இருந்ததற்குக் காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். எனக்கும் அப்போது தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் சந்தேகப் புத்தி சும்மா விடவில்லை. எல்லோரும் போன பிறகு கட்டிலில் உட்கார்ந்து கேட்டுவிட்டேன்.

"அக்கா, உனக்கு ஆண்டவர் மேல கோவமா?"

"இல்லடா. சொகமாவும்னு எனக்குத் தெரியல. தெரியாததுக்கு இன்னான்னு சொல்றது?"

"அப்பா செத்தப்ப பாடியில பண்ணாங்களே ஒரு ஜெபம். எதுக்கு உண்டாக்குனீரோ அதக் காட்டும்னு. அதுக்கு எப்பக்கா சொன்ன?"

அக்கா முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். "அது பாக்கி கீது. தெனமும் கேக்குறேன். காட்டுனா மாதிரி இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பேருக்குச் செய்துவிட்டு, தான் எதற்கு என்று தெரியாமலே இந்தப் பெண்பிள்ளை போய்விடுமா? ஆண்டவர்மேல் எனக்குத்தான் கோபம் வந்தது. அந்த ராத்திரி அவரையும் நிறுத்தி டிக்கெட் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் காலை. அக்காவால் பேச முடியவில்லை, கண் மட்டும் விழித்திருந்தது. மெஹருன்னிசா அம்மா போர்வை மாற்றிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் வேலைக்குப் புறப்பட்ட கோலத்திலேயே கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து, அக்காவின் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தாள். ஆவடியிலிருந்து தேவசகாயம் ஐயாவும் மகனும் வந்திருந்தார்கள். மகன் ஸ்டூலில் ஏறி நின்றுபோன மின்விசிறியைத் தட்டிக்கொண்டிருந்தார். ஐயா கீழே நின்று, "பாத்துடா, உழுந்துடப் போற" என்று மகனை அதட்டிக்கொண்டிருந்தார். சபை அம்மா ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் ஓரமாக நின்றிருந்தேன்.

அக்கா ஒவ்வொருவராகப் பார்த்தார். ஸ்டூல்மேல் மகனைப் பார்த்தார், கீழே ஐயாவைப் பார்த்தார், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். என்னிடம் வந்ததும் கண் நின்றது. கம்பெனியில் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அதே பார்வை. பிறகு, மூன்று நாளாகப் பேச்சு வராத வாயால், தெளிவாக "ஆமென்" என்றார்.

மதியத்துக்குள் போய்விட்டார்.

வாசலில் நின்ற சபை அம்மா அதைப் பிதற்றல் என்று நினைத்ததில் தப்பில்லை. அன்று பாடி வீட்டில் அந்த ஜெபத்தைக் கேட்டவர்களில் போதகர் இல்லை, எங்கள் அம்மா இல்லை, இப்போது அக்காவும் இல்லை. அதற்கு அக்கா ஆமென் பாக்கி வைத்தது தெரிந்தவன் மிச்சம் நான் ஒருவன்தான். நான் சொல்லாவிட்டால் அந்த ஆமென் எந்த ஜெபத்துக்கு என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். நானே மனத்தேறுதலுக்காக இட்டுக்கட்டுகிறேனோ என்றும் சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டேன். என் கண்ணுக்கு அதில் குற்றம் எதுவும் தெரியவில்லை.

அக்காவைத் தூக்கி உட்காரவைத்த கைகளுக்கும், கஞ்சி கொண்டுவந்தவர்களுக்கும், மெஹருன்னிசா அம்மா வீட்டாருக்கும், ஆவடியிலிருந்து ஓடிவந்தவர்களுக்கும், முழங்காலில் நின்ற சபையாருக்கும், வாசலில் நின்று சந்தேகப்பட்டவர்களுக்கும் சேர்த்தே எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒன்று. ஓய்வு பெற்ற நாளிலிருந்து காலையில் எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இன்றைய நினைவுக் கூட்டத்தின் முடிவில், பாடியில் அக்காவுக்காகச் செய்த அதே ஜெபத்தை எனக்காகச் செய்யும்படி போதகரைக் கேட்டிருக்கிறேன். நீங்கள் எல்லோரும் ஆமென் சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். தொடையில் கிள்ள அம்மாவும் இல்லை.